தலைக்கணக்கு: வன்னியில் எத்தனை பேர் இருந்தார்கள்?

2009 ஏப்ரல் 8. இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடந்த போரின் கடைசி வாரங்கள். நாட்டின் வடக்கே வன்னிப் பகுதியில், முல்லைத்தீவு மாவட்டம் அம்பலவன்பொக்கணையில் பால்மா கொடுக்கிறார்கள் என்று பெண்களும் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையின் மேல் ஷெல் விழுந்தது. இறந்து கிடந்த தாய்மார் சிலரின் கையில் பால்மாவுக்கான அட்டை அப்படியே இருந்ததாக, ஐநா பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் எழுதியது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அந்த அறிக்கையில் என்னால் தாண்டிப் போக முடியாத வரி இதுதான்.

அட்டை என்றால் கணக்கு. இந்தக் குடும்பத்தில் பால் குடிக்கும் பிள்ளை இருக்கிறது, இவர்களுக்கு இவ்வளவு சேர வேண்டும் என்று யாரோ ஒருவர் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நாலாபக்கமும் ஷெல் விழும் இடத்திலும் அந்தப் பதிவு நடந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் கொழும்பு, அங்கே அத்தனை பேர் இல்லவே இல்லை என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

போரில் பொதுமக்களைப் பாதுகாப்பது பற்றிப் பேசும்போது சட்டம், தீர்மானம், தடை என்று பெரிய விஷயங்களுக்கு உடனே போய்விடுகிறோம். வன்னியின் கடைசி மாதங்களைத் திரும்பப் படிக்கும்போது எல்லாமே ஒரு சின்னக் கேள்வியில் வந்து முட்டுகிறது: எத்தனை பேர் இருந்தார்கள்? அனுப்ப வேண்டிய அரிசியும், மருந்தும், சுடலாமா கூடாதா என்ற முடிவும், பிறகு வர வேண்டிய நீதியும் அந்த எண்ணை நம்பித்தான் இருந்தன.

கதை 2008 செப்டம்பரில் தொடங்குகிறது. உங்கள் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது, வன்னியை விட்டு வெளியேறுங்கள் என்று ஐநாவுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அரசு சொன்னது. கிளிநொச்சியில் ஐநா அலுவலக வாசலில் மக்கள் கூடிவிட்டார்கள். போகாதீர்கள் என்று மன்றாடினார்கள், வண்டிகளை மறித்தார்கள். இவர்கள் போனால் அப்புறம் என்ன நடக்கும் என்பது அந்த மக்களுக்கு எந்த அறிக்கையும் படிக்காமலே தெரிந்திருந்தது. செப்டம்பர் 16 அன்று ஐநா வெளியேறியது. செஞ்சிலுவைச் சங்கம் தங்கியது. வெளியாள் கண் ஏறத்தாழ இல்லாத இடமாக வன்னி மாறியது.

வெளியாள்தான் இல்லையே தவிர, அரசாங்கம் அங்கே இருந்தது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி என்றாலும் கச்சேரி என்ற மாவட்ட நிர்வாக அலுவலகம் இயங்கியது, அதன் தலைமை அதிகாரிகளான அரசாங்க அதிபர்கள் இருந்தார்கள், கிராம அலுவலர்கள் குடும்பப் பதிவு எடுத்தார்கள், அரசு மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் வேலை செய்தார்கள். இவர்கள் எல்லோரும் கொழும்பு அரசிடம் சம்பளம் வாங்கியவர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின் கணக்குப்படி 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். வெளிநாட்டு உளவுத் தகவலோ புலிகளின் பிரசாரமோ இல்லை, அரசின் சொந்த அலுவலகம் எழுதி வைத்த எண் அது.

2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி விழுந்தது. மக்கள் கிழக்கே, கடற்கரையை நோக்கித் தள்ளப்பட்டார்கள். அந்த வாரங்களில் அரசு வெளியே சொன்ன எண் 70,000 அளவில் இருந்தது. ஐநா இரண்டரை லட்சம் என்று கணித்தது. களத்தில் இருந்த முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபர், 81,000 குடும்பங்கள், சுமார் 3,30,000 பேர் என்று எழுதினார். இதற்குக் கொழும்பிலிருந்து அவருக்கு வந்த பதில், இடம்பெயர்ந்தோர் எண்ணிக்கை பற்றித் தவறான தகவல் கொடுத்தால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க நேரிடும் என்ற எச்சரிக்கைக் கடிதம். ஆட்களை எண்ணியதற்காக ஓர் அரச ஊழியர் மிரட்டப்பட்டார்.

ஏப்ரல் 20 அன்று இராணுவம் மாத்தளன் பகுதியில் உடைத்து நுழைந்தபோது சில நாட்களில் ஒரு லட்சம் பேர் அளவில் வெளியே வந்தார்கள். 70,000 பேர் மட்டுமே இருந்த இடத்திலிருந்து எப்படி ஒரு லட்சம் பேர் வந்தார்கள் என்று யாரும் பதில் சொல்லவில்லை. மாறாக, இனி உள்ளே இருப்பவர்கள் 10,000 அளவில்தான் என்று புதிய எண் வந்தது. ஐநாவின் கணக்கில் அப்போது ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் மிச்சமிருந்தார்கள். கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களைக் கூட்டினால் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியது. அதாவது, உயிரோடு வந்தவர்களே அரசு முதலில் சொன்ன எண்ணைப் போல நான்கு மடங்கு.

இந்தக் குறைப்பு கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. 70,000 பேருக்கு என்று அனுப்பும் அரிசியை மூன்று லட்சம் பேர் பங்கிட வேண்டும். அப்படித்தான் சோறு கஞ்சியானது. கொஞ்சம் அரிசி, நிறையத் தண்ணீர், உப்பு கிடைத்தால் உப்பு. இன்று ஒவ்வொரு மே மாதமும் தமிழர்கள், போர் முடிந்த கடற்கரையின் பெயரால், முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது இதன் நினைவாகத்தான். (2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் அந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்களைப் போலீஸ் கைது செய்தது. பதினைந்து வருஷம் கழித்தும் ஒரு குவளைக் கஞ்சி அரசை உறுத்துகிறது.) மருந்து விஷயம் இன்னும் மோசம். மயக்க மருந்தும் இரத்தப் பைகளும் கேட்டுக் கேட்டு மருத்துவர்கள் கடிதம் எழுதினார்கள். வந்தது மிகக் குறைவு. மயக்க மருந்து இல்லாமல் கை கால்களை வெட்டி எடுக்க வேண்டிய நிலை வந்தது.

சட்டத்துக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இலங்கையில் நடந்தது உள்நாட்டுப் போர் என்றாலும் 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுவான மூன்றாம் பிரிவு அதற்குப் பொருந்தும். அதோடு, எழுதிக் கையெழுத்திடாவிட்டாலும் எல்லாத் தரப்பையும் கட்டுப்படுத்தும் வழக்காற்று விதிகள் உண்டு. போராளியையும் பொதுமகனையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். தாக்குவதற்கு முன் எச்சரிக்கை நடவடிக்கை எடுக்க வேண்டும். மூன்றாவது விதிதான் இங்கே முக்கியம்: ஓர் இராணுவ இலக்கைத் தாக்கினால் பக்கத்தில் எத்தனை பொதுமக்கள் சாவார்கள் என்று எடை போட வேண்டும், கிடைக்கும் இராணுவ ஆதாயத்தைவிட அந்தச் சாவு மிக அதிகம் என்றால் தாக்கக் கூடாது. விகிதாசாரம் என்பார்கள்.

எடை போட வேண்டும் என்றால் தராசின் ஒரு தட்டில் வைக்க ஓர் எண் வேண்டும். சில சதுர கிலோமீட்டர் மணல் திட்டில் ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டால் அங்கே பல்குழல் எறிகணையை ஏவியதை எந்தச் சட்ட நிபுணராலும் நியாயப்படுத்த முடியாது. 10,000 பேர்தான் என்றால், அதிலும் பலர் புலிகளின் குடும்பங்கள் என்றால், பேச்சு மாறிவிடுகிறது. எண்ணைக் குறைத்ததால் வந்த வசதி இதுதான். தெரியாமல் குறைத்துவிட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. ஆளில்லா உளவு விமானங்கள் அந்தப் பகுதிக்கு மேலே பறந்துகொண்டே இருந்தன, கூடாரங்களின் நெருக்கம் செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது.

பாதுகாப்பு வலயம் என்ற பெயரை வன்னி மக்கள் இன்றும் ஒருவித நடுக்கத்தோடுதான் சொல்கிறார்கள். முதல் வலயத்தை அரசு ஜனவரி 20 அன்று அறிவித்தது, ஏ-35 வீதிக்கு வடக்கே சுமார் 35 சதுர கிலோமீட்டர். புலிகளிடம் பேசி ஒப்புதல் வாங்காமல் ஒருதலையாக அறிவித்தது. மக்கள் நம்பிப் போனார்கள். உணவு வாகனத் தொடரோடு வந்து உள்ளே மாட்டிக்கொண்ட ஐநா ஊழியர்களும் சுதந்திரபுரத்தில் முகாம் போட்டு, தாங்கள் இருக்கும் இடத்தின் ஆள்கூறுகளை, அதாவது வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டும் எண்களை, இராணுவத்துக்கு அனுப்பினார்கள். ஜனவரி 23 இரவு முதல் அந்த இடத்தில் ஷெல் விழுந்தது. விடிந்தபோது சுற்றிலும் உடல்கள் கிடந்தன. பார்த்தவர்கள் ஐநா ஊழியர்கள், வேறு யாரோ அல்ல. பிப்ரவரி 12 அன்று இரண்டாவது வலயம், புதுமாத்தளன் முதல் வெள்ளமுள்ளிவாய்க்கால் வரை 14 சதுர கிலோமீட்டர். மே 8 அன்று மூன்றாவது, ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் இடம் சுருங்கியது, ஆட்கள் நெருங்கினார்கள், ஒரு ஷெல்லுக்கு விழும் பலி கூடியது.

கடற்கரை மணலில் ஆழமாகப் பதுங்குகுழி வெட்ட முடியாது. கொஞ்சம் தோண்டினால் தண்ணீர் வரும், சுவர் சரியும். மண்மூட்டைக்குச் சாக்கு கிடைக்கவில்லை. பெட்டியில் வைத்திருந்த சேலைகளை எடுத்து வெட்டி, பையாகத் தைத்து, மணல் நிரப்பி அடுக்கினார்கள். கூறைச் சேலைகளும் அதில் போயின. போர் முடிந்து அந்தக் கரைக்குப் போனவர்கள் எடுத்த படங்களில் மணலுக்குள்ளிருந்து பட்டுக்கரை எட்டிப் பார்ப்பதைக் காணலாம்.

மருத்துவமனைகளின் கதையும் ஆள்கூறுகளின் கதைதான். புதுக்குடியிருப்பு மருத்துவமனை பிப்ரவரி முதல் வாரத்தில் பல தடவை ஷெல்லடிக்கு உள்ளாகி, 4-ஆம் தேதி நோயாளிகள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பிறகு புதுமாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டடம், அப்புறம் முள்ளிவாய்க்கால். எங்கே மருத்துவமனை இருக்கிறது என்று முறையாக அறிவித்த பிறகும் தாக்குதல் வந்ததால், இனி ஆள்கூறுகளைக் கொடுக்காதீர்கள் என்று ஊழியர்களே கேட்கும் நிலை வந்தது. காப்பாற்ற வேண்டிய தகவல் கொல்லும் தகவலாக மாறியதாக அவர்கள் நம்பினார்கள் என்றால் மனித குலம் இதுவரை எழுதி வைத்த போர்ச் சட்டத்துக்கு அங்கே என்ன மதிப்பு இருந்தது? அந்த இருட்டில் ஒரே வெளிச்சம் செஞ்சிலுவைச் சங்கம் ஏற்பாடு செய்த கப்பல். பிப்ரவரி 10 முதல் மே 9 வரை காயப்பட்டவர்களும் கூட வந்தவர்களுமாக ஏறத்தாழ 14,000 பேரைத் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் அது கொண்டு சேர்த்தது. சங்கத்தின் உள்ளூர் ஊழியர் மூன்று பேர் அந்த மாதங்களில் கொல்லப்பட்டார்கள்.

புலிகள் பற்றிப் பேசாமல் இதை எழுதினால் அது அரைக் கணக்கு. மக்களை வெளியேற விடாமல் தடுத்தது அவர்கள். தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று தொடங்கிய கட்டாய ஆட்சேர்ப்பு கடைசியில் பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்த பிள்ளைகளையும் இழுத்துப் போனது. மக்கள் நெரிசலுக்குப் பக்கத்திலிருந்து பீரங்கி அடித்தார்கள். ஐநா நிபுணர் குழு அரசு மீது ஐந்து வகைக் குற்றச்சாட்டுகளையும் புலிகள் மீது ஆறு வகைக் குற்றச்சாட்டுகளையும் நம்பத்தகுந்தவை என்று பட்டியலிட்டது. இதைச் சொல்லத் தமிழர்கள் தயங்க வேண்டியதில்லை, ஏனென்றால் பலியானவர்களும் தமிழர்கள்தான். அதே சமயம் ஒரு தரப்பு விதியை மீறியதால் மறு தரப்புக்கு விதி இல்லாமல் போகாது. பணயமாகப் பிடித்து வைக்கப்பட்டவர் பொதுமகன் என்ற தகுதியை இழப்பதில்லை. அவரைப் பிடித்து வைத்தவன் ஒரு குற்றவாளி, அது தெரிந்தே அவர் மேல் ஷெல் அடித்தவன் இன்னொரு குற்றவாளி.

சரி, உலகம் என்ன செய்தது? கொழும்பில் ஐநா ஊழியர்கள் சிலர், உள்ளே தொடர்பில் இருந்த மருத்துவர்கள், பாதிரியார்கள், தங்கள் உள்ளூர் ஊழியர்கள் வழியாக இறந்தவர்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். ஒரு சாவு பட்டியலில் ஏற மூன்று தனித்தனி ஆதாரங்கள் ஒத்துப்போக வேண்டும் என்று கறாராக வைத்தார்கள். அப்போதைய ஐநா மனித உரிமை ஆணையாளர் நவநீதம் பிள்ளை மார்ச் 13 அன்று, ஜனவரி 20-க்குப் பிறகு 2,800-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டாம் என்று ஐநாவுக்குள்ளேயே அவருக்கு அழுத்தம் இருந்தது. மே நடுப்பகுதி வரை அந்தப் பட்டியல் 7,721-ஐத் தொட்டது. அதோடு எண்ணிக்கை நின்றது, ஏனென்றால் எண்ணுவதற்கு உள்ளே யாரும் மிஞ்சவில்லை. சாவு நிற்கவில்லை. பாதுகாப்புச் சபை இலங்கையைத் தன் முறையான நிகழ்ச்சி நிரலில் ஏற்றவே இல்லை. முறைசாராக் கூட்டங்கள் நடந்தன, மே 13 அன்று ஒரு பத்திரிகை அறிக்கை வந்தது. ஐந்து நாளில் எல்லாம் முடிந்தது.

ஐநா பின்னால் தன்னைத்தானே விசாரித்தது. 2012 நவம்பரில் வந்த அந்த உள்ளக ஆய்வு, ஐநாவின் கட்டமைப்பே தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொண்டது. கைவசம் இருந்த எண்ணை உரக்கச் சொல்லத் தயங்கியதுதான் அந்தத் தோல்வியின் நடுவில் இருந்தது. உறுதி செய்ய முடியாத எண்ணை எப்படி வெளியிடுவது என்று நியாயம் சொன்னார்கள். அரசு எண்ணைக் குறைத்தது. ஐநா எண்ணை வைத்திருந்தும் மேசைக்குள் வைத்தது. உள்ளே இருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் முடிந்தது.

போருக்குப் பிறகு இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் அதே சண்டைதான். அரசின் முதல் பதில், பொதுமக்கள் உயிரிழப்பு பூச்சியம். இது மனிதாபிமான மீட்பு நடவடிக்கை என்றார்கள். 2011-ல் வடக்கில் அரசு தானே எடுத்த கணக்கெடுப்பில் அந்தப் பூச்சியம் சுமார் 8,000 ஆனது. அந்தக் கணக்கெடுப்பு எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் உறவினர் வந்து சொன்னால் ஒரு சாவு பதிவாகும். ஒரே ஷெல்லில் தாய், தகப்பன், பிள்ளைகள் என்று முழுக் குடும்பமும் பதுங்குகுழிக்குள் போன வீட்டுக்காக யார் வந்து சொல்வது? ஐநா நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்றது. உள்ளக ஆய்வு 70,000-க்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் வரவில்லை என்றது.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் யாரிடமும் ஊகம் கேட்கவில்லை. 2011 ஜனவரியில், அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய் ஒரு கழித்தல் கணக்கைப் போட்டார். கச்சேரிக் கணக்குப்படி 2008 அக்டோபரில் இருந்தவர்கள் 4,29,059. ஐநா பதிவின்படி 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. மிச்சம் 1,46,679 பேர் எங்கே? எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று ஆயர் சொல்லவில்லை. அவர் கேட்டது விளக்கம். பதிவில் பிழை இருக்கலாம், சிலர் கடல் வழியாகத் தப்பியிருக்கலாம், சிலர் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கலாம். அப்படியென்றால் பெயர் பெயராக எடுத்து அதைக் காட்டுங்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு எண்களும் முறையான பதிவுகளில் இருப்பவை என்பதால் இதைப் புறந்தள்ள முடியாது. பதில் சொல்லவும் இல்லை. ஆயர் 2021 ஏப்ரலில் காலமானார்.

சர்வதேச நீதி ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. ஆகவே சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு வழக்கு போக வேண்டுமானால் பாதுகாப்புச் சபை அனுப்ப வேண்டும், அங்கே வீட்டோ இருக்கிறது. மிச்சமிருந்தது ஜெனீவா மனித உரிமைப் பேரவை. போர் முடிந்து பத்து நாள்கூட ஆகாத 2009 மே 27 அன்று அந்தப் பேரவை இலங்கையைப் பாராட்டித் தீர்மானம் போட்டது, 29 நாடுகள் ஆதரவு, இந்தியாவும் அதில் ஒன்று. 2012 முதல் காற்று கொஞ்சம் திரும்பியது. 2015-ல் வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் விசாரணைக்கு இலங்கையே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது, 2020-ல் விலகிக்கொண்டது. 2021 தீர்மானத்தில்தான் என் பார்வையில் உருப்படியான ஒன்று கிடைத்தது: சாட்சியங்களைத் திரட்டி, வகைப்படுத்தி, எதிர்கால வழக்குகளுக்காகப் பாதுகாக்கும் அலுவலகம். வேறு நாடுகளின் நீதிமன்றங்கள் நாளை கேட்டால் கொடுக்க அங்கே கோப்பு இருக்கும். 2025 மார்ச்சில் பிரிட்டன் முன்னாள் தளபதிகள் மூவர் மீதும் புலிகளிலிருந்து பிரிந்துபோன கருணா மீதும் தடை விதித்தது. தடை என்றால் விசா இல்லை, சொத்து முடக்கம். சிறை இல்லை.

உள்நாட்டு நீதியை நம்புங்கள் என்பவர்களுக்கு யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவில் வழக்கு ஒன்று போதும். 2000 டிசம்பரில் அங்கே தங்கள் வீட்டைப் பார்க்கப் போன எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், அதில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்று. ஓர் இராணுவச் சார்ஜன்ட்டுக்கு 2015-ல் மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், நாடு கொரோனா ஊரடங்கில் கிடந்தபோது ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொது மன்னிப்புக் கொடுத்தார். பத்தொன்பது வருஷம் ஓடிய வழக்கு ஒரு கையெழுத்தில் முடிந்தது.

இன்னொரு பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009 மே 18 அன்று வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் இருந்தார். யாழ் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். சரணடைந்தவர்களின் பெயர்களை அவர் எழுதி எடுத்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவரும் அவர்களோடு பேருந்தில் ஏறினார். பேருந்து போனது. அடிகளாரும் வரவில்லை, அந்தத் தாளும் வரவில்லை. அன்று கண்ணெதிரே சரணடைந்த, புலிகளின் திருகோணமலை அரசியல் பொறுப்பாளர் எழிலனை முன்னிறுத்தக் கோரி அவர் மனைவி அனந்தி தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில், அவரை நீதிமன்றத்தில் நிறுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில் இராணுவத்துக்கு உத்தரவிட்டது. அவரை யாரும் கொண்டுவந்து நிறுத்தவில்லை.

2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால், காணாமல்போனவர்களின் தாய்மார் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பிறகு வவுனியா, முல்லைத்தீவு என்று பரவியது. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய, காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று ஐநா அதிகாரியிடம் சொன்னார். தாய்மார் வேண்டாம் என்றார்கள். பிடிவாதம் என்று கொழும்பில் எழுதினார்கள். மரணச் சான்றிதழில் இறந்த தேதி, இறந்த இடம், காரணம் என்று கட்டங்கள் இருக்கின்றன. கையில் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்த பிள்ளைக்கு அந்தக் கட்டங்களில் என்ன எழுதுவது என்று அரசு இன்றுவரை சொல்லவில்லை. தாய்மார் தூக்கிப் பிடித்திருக்கும் படங்களில் எல்லாம் எழுதியிருக்கிறது: பெயர், பிறந்த தேதி, கடைசியாகப் பார்த்த இடம் வட்டுவாகல், தேதி 18.05.2009.